முதல் கார், சின்ன கார், கொஞ்சம் வேகமான கார்: செகண்ட் ஹேண்ட் ஹேட்ச்பேக் பார்த்து வாங்க முழுமையான வழிகாட்டி

லைசென்ஸ் கைக்கு வந்த சில மாதங்களில் வீட்டில் இந்தப் பேச்சு வரும். "போலோ ஜிடி ஒண்ணு நல்ல விலைக்கு வந்திருக்கு, போய்ப் பார்க்கலாமா?" கேட்பது மகனாகவோ மகளாகவோ இருக்கலாம். ஆசையில் தப்பில்லை. நல்ல ஸ்டீயரிங்கும் நல்ல பிரேக்கும் உள்ள சின்ன வண்டி, ஓட்டக் கற்றுக்கொள்ள மிகப் பொருத்தமானது. ஆனால் இந்த ரக வண்டிகளில் ஒரு சிக்கல் உண்டு. சாதாரண வேகன்-ஆரை வாங்கியவர் பெரும்பாலும் ஆபீஸ் போய் வந்திருப்பார். டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பிச் சக்தியைக் கூட்டும் கருவி) உள்ள ஹேட்ச்பேக்கை வாங்கியவர்களில் பலர் அதன் வேகத்துக்காகவே வாங்கியவர்கள். ஒரே மாடல், ஒரே வருடம், ஒரே நிறம் என்று இரண்டு வண்டிகள் நின்றாலும், ஒன்று பத்து வருடம் ஓடும், இன்னொன்று ஆறு மாதத்தில் கியர்பாக்ஸைக் கேட்கும். அதனால் மாடலைத் தேர்ந்தெடுக்க ஒரு நாள் போதும், குறிப்பிட்ட அந்த வண்டியைச் சோதிக்கத்தான் நேரத்தைச் செலவிட வேண்டும்.

படி 1: பட்ஜெட்டில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள்

கையில் 6 லட்சம் இருந்தால் வண்டிக்கு 5 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி நான்கு டயர், பிரேக் பேட், எல்லா ஆயிலும், பேட்டரி, இன்சூரன்ஸ், பெயர் மாற்றம் ஆகியவற்றுக்கு. முழுப் பணத்தையும் வண்டியில் போட்டுவிட்டால் முதலில் தள்ளிப்போவது டயர்தான். புது ஓட்டுநர் ஒருவர் ஓட்டப்போகும் வண்டியில் அதை மட்டும் தள்ளிப்போடவே கூடாது.

இன்சூரன்ஸ் கணக்கில் நமக்குச் சாதகமான விஷயம் ஒன்று இருக்கிறது. வெளிநாடுகள் பலவற்றில் போல ஓட்டுபவரின் வயதை வைத்து இங்கே பிரீமியம் எகிறுவதில்லை, வண்டியை வைத்துத்தான் கணக்கு. மூன்றாம் தரப்பு பிரீமியம் இன்ஜினின் கொள்ளளவைப் பொறுத்தது. 2022 ஜூனில் நிர்ணயித்தபடி 1000 சிசி வரை ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1000-க்கு மேல் 1500 வரை 3,416 ரூபாய். 998, 999 சிசி டர்போ இன்ஜின்கள் 1.2 லிட்டர் ஸ்விஃப்டைவிட அதிக சக்தி தந்தாலும் கீழ்த்தட்டில்தான் வரும்.

படி 2: எவ்வளவு சக்தி போதும்?

பி.எஸ். (குதிரைத்திறன்) எண்ணை மட்டும் பார்க்காமல் எடையோடு சேர்த்துப் பாருங்கள். 2021 முதல் 2024 தொடக்கம் வரை வந்த ஸ்விஃப்ட் பெட்ரோல் 90 பி.எஸ்., எடை சுமார் 900 கிலோ. ஒரு டன்னுக்கு 100 பி.எஸ். என்ற கணக்கு வருகிறது. புதிதாக ஓட்டுபவருக்கு இதுவே தாராளம். டர்போ வண்டிகள் 100 முதல் 120 பி.எஸ். வரை தருகின்றன, ஆனால் வித்தியாசம் அந்த எண்ணில் இல்லை. டர்போ இல்லாத இன்ஜின், மிதிக்கும் அளவுக்குத் தகுந்தபடி படிப்படியாக இழுக்கும். டர்போ 2000 ஆர்.பி.எம். பக்கத்தில் சட்டென்று பிடித்து இழுக்கும். மழையில் வளைவிலிருந்து வெளியே வரும்போது இந்தச் 'சட்டென்று' என்னவென்று ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். முதல் வண்டிக்கு எங்கள் பரிந்துரை: ஓட்டி ஒரு வருடம்கூட ஆகவில்லையென்றால் டர்போ இல்லாத மேனுவல். தினமும் ஓட்டிப் பழகியவரென்றால் 1.0 டர்போ மேனுவல்.

சக்திக்கு முன்னால் சரிபார்க்க வேண்டியவை இரண்டு: ஏ.பி.எஸ். (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு), குறைந்தது இரண்டு ஏர்பேக். 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற எல்லாக் கார்களிலும் ஏ.பி.எஸ். உண்டு. இரண்டு முன் ஏர்பேக்குகள் எல்லா மாடல்களுக்கும் கட்டாயமானது 2021 கடைசியில்தான். அதற்கு முந்தைய வண்டி என்றால் வேரியன்ட் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள், ஸ்டீயரிங்கிலும் டேஷ்போர்டிலும் உள்ள குறியைப் பாருங்கள். இக்னிஷன் போட்டதும் ஏ.பி.எஸ்., ஏர்பேக் விளக்குகள் எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ பல்பைக் கழற்றியிருக்கிறார்கள் அல்லது கம்பியைத் துண்டித்திருக்கிறார்கள்.

படி 3: எந்த மாடல்?

ஃபோக்ஸ்வேகன் போலோ 2022-ல் நின்றுவிட்டது, ஆனாலும் எல்லோரும் தேடும் வண்டி இதுதான். டிஎஸ்ஐ என்ற டர்போ பெட்ரோலில் இரண்டு காலம். 2013-ல் வந்த ஜிடி டிஎஸ்ஐ 1.2 லிட்டர், 105 பி.எஸ்., 175 நியூட்டன் மீட்டர் இழுவிசை (டார்க்), 7 கியர் டி.எஸ்.ஜி. (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்). 2020-ல் அது போய் 1.0 டிஎஸ்ஐ வந்தது. 110 பி.எஸ்., அதே 175, கூடவே 6 கியர் மேனுவல் அல்லது டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக். இளம் ஓட்டுநருக்கு இந்த 1.0 மேனுவல்தான் சரியான போலோ. பழைய டி.எஸ்.ஜி. டிக்யூ200 என்ற உலர் கிளட்ச் வகை. ஆயிலில் நனையாத இரண்டு கிளட்ச்கள், அவற்றை இயக்க மெகட்ரானிக்ஸ் என்ற மின்னணு-ஹைட்ராலிக் பெட்டி. சென்னை நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது இந்தக் கிளட்ச்கள் பாதி பிடித்தும் பிடிக்காமலும் தேய்ந்து சூடாகும். மெகட்ரானிக்ஸ் போனால் செலவு பெரிது. நன்றாக இருக்கும் டி.எஸ்.ஜி. ஓட்ட அருமையானதுதான், ஆனால் முதல் காருக்கு அந்த ரிஸ்க் வேண்டாம். கட்டுமானத்தில் போலோ உறுதியானது. 2014 குளோபல் என்கேப் மோதல் சோதனையில் இரண்டு ஏர்பேக் உள்ள போலோ 4 நட்சத்திரம் பெற்றது. அதே வண்டி ஏர்பேக் இல்லாமல் பெற்றது பூஜ்யம்.

மாருதி ஸ்விஃப்ட் எந்த ஊரிலும் கிடைக்கும், எந்த ஊரிலும் பழுது பார்க்கலாம். 2018-க்குப் பிந்தைய தலைமுறை எடை குறைவானது, அதனாலேயே துள்ளும், வளைவில் ஓட்ட உற்சாகமாக இருக்கும். பலவீனம் மோதல் பாதுகாப்பு: 2018 சோதனையில் 2 நட்சத்திரம்தான் கிடைத்தது. நெடுஞ்சாலையில்தான் பெரும்பாலும் ஓட்டப்போகிறார் என்றால் இதை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது.

ஹூண்டாய் ஐ20 என் லைன் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகி 2021-ல் வந்தது. 1.0 டர்போ, 120 பி.எஸ்., நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். 2023-க்கு முந்தையவற்றில் கிளட்ச் மிதி இல்லாத மேனுவலான ஐ.எம்.டி. அல்லது இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்கான டி.சி.டி. 2023-லிருந்து 6 கியர் மேனுவல். பட்ஜெட் எட்டினால் அந்த மேனுவலே தேடுங்கள்.

டாடா அல்ட்ராஸ் 2020-ல் 5 நட்சத்திரம் வாங்கியது. 2021-ல் வந்த ஐ-டர்போ 110 பி.எஸ். பெற்றோருக்கு நிம்மதியும் பிள்ளைக்கு இழுவையும் சேர்ந்து வேண்டுமென்றால் நியாயமான விலையில் அமையும் வண்டி இது. கிளட்ச், கியர் இரண்டும் ஸ்விஃப்ட் அளவு மென்மையாக இருக்காது.

பெலினோ ஆர்.எஸ். (2017 முதல், 102 பி.எஸ்., பின்னாலும் டிஸ்க்), கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் சேர்ந்து 2018-ல் கொண்டுவந்த டியாகோ ஜே.டி.பி. (114 பி.எஸ்.), ஃபியட் அபார்த் புன்டோ (145 பி.எஸ்.) மூன்றும் குறைவாக விற்றவை, ரசிகர்கள் கைவிடாதவை. முதல் இரண்டில் அந்த மாடலுக்கே உரிய பாகங்களுக்குக் காத்திருக்க வேண்டி வரலாம். அபார்த் முதல் காராக வேண்டவே வேண்டாம். சக்தி ஒரு காரணம், இந்தியாவில் ஃபியட் கடையைக் கட்டிவிட்டது இன்னொரு காரணம்.

படி 4: நேரில் போகும் முன் பேப்பர்

வண்டி எண்ணை வாங்கி அரசின் பரிவாகன் தளத்தில் பாருங்கள்: எத்தனையாவது ஓனர், கடன் நிற்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை, கட்டாத இ-சலான் எத்தனை. வேகத்துக்காக வந்த சலான்கள் வரிசையாக இருந்தால், அந்த வண்டி எப்படி ஓட்டப்பட்டது என்பதை அதுவே சொல்லிவிடும்.

அடுத்து, இன்சூரன்ஸ் பாலிசியின் படத்தை வாட்ஸ்அப்பில் கேளுங்கள். அதில் 'நோ கிளைம் போனஸ்' என்ற வரியைத் தேடுங்கள். கிளைம் இல்லாத ஒவ்வொரு வருடத்துக்கும் அது 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். ஆறு வருட வண்டி, ஒரே ஓனர், "ஒரு கீறல்கூட இல்லை" என்கிறார், ஆனால் பாலிசியில் போனஸ் 0 என்று இருக்கிறது. அப்படியென்றால் போன வருடம் கிளைம் போயிருக்கிறது அல்லது பாலிசி 90 நாளுக்கு மேல் விட்டுப்போயிருக்கிறது. எது என்று கேளுங்கள். இரண்டுக்கும் தாள் இருக்கும்.

சர்வீஸ் ரெக்கார்டைக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஓனர் மூலமாகவே எடுக்கச் சொல்லுங்கள். தேதியும் கிலோமீட்டரும் வரிசையாக ஏற வேண்டும். 2022-ல் 58,000 காட்டிய வண்டி இன்று மீட்டரில் 49,000 காட்டினால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

பி.ஒய். (புதுச்சேரி) எண் வண்டி விலை குறைவாகத் தெரியும். தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்து வரி கட்ட வேண்டும். அந்தத் தொகையைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் 'மலிவு' பெரும்பாலும் காணாமல் போகும். டெல்லியிலிருந்து வரும் பழைய டீசல்களுக்கும் இதே கணக்குதான்.

படி 5: பாடி, குறிப்பாக வெள்ளம்

பகல் வெளிச்சத்தில், காய்ந்த வண்டியைப் பாருங்கள். நனைந்த பெயின்டில் எதுவும் தெரியாது. பானெட்டைத் திறந்து கீல் போல்ட், ஃபெண்டர் போல்ட்களின் தலையைப் பாருங்கள். கம்பெனியில் பெயின்ட் அடித்தபடி மூலைகள் முழுசாக இருக்க வேண்டும். ஸ்பேனர் பட்ட போல்ட்டின் மூலையில் பெயின்ட் உரிந்து உலோகம் தெரியும். பெயின்ட் தடிமன் மீட்டர் கிடைத்தால் கம்பெனி பெயின்ட் சுமார் 90 முதல் 150 மைக்ரான் காட்டும். 250-ஐத் தாண்டினால் மறுபடி அடித்தது, 500-க்கு மேல் என்றால் அடியில் பட்டி இருக்கிறது. ஒரு கதவு மறுபடி பெயின்ட் அடித்திருந்தால் விலையைக் குறைத்துப் பேசலாம். கூரையைத் தாங்கும் பில்லரிலோ முன்பக்க சேஸிஸ் கம்பியிலோ வெல்டிங், பட்டி தெரிந்தால் திரும்பி வந்துவிடுங்கள். இடிபடும்போது உள்ளே இருப்பவரைக் காக்க வேண்டிய இடம் அது.

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. கழுவித் துடைத்து, சீட் மாற்றி, வேறு மாவட்டத்தில் விற்பனைக்கு வருகின்றன. கண்டுபிடிக்க: முன் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். எப்போதும் சுருளுக்குள்ளேயே இருக்கும் அந்தக் கடைசி இரண்டு அடியை யாரும் கழுவுவதில்லை. பழுப்புக் கோடோ மண் படிவோ அங்கே அப்படியே இருக்கும். பிறகு சீட்டைப் பின்னால் தள்ளி அடியிலுள்ள தண்டவாள போல்ட்டில் துரு, ஸ்டெப்னி குழியின் விளிம்பில் மணல், கதவின் ரப்பரை உரித்தால் உள்ளே வண்டல். ஏ.சி.யைப் போட்டதும் முதல் மூச்சில் வரும் புழுக்க வாடை. காரில் சென்ட் மணம் தூக்கலாக இருந்தால் சந்தேகத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். மூழ்கிய வண்டி இன்று ஓடும். ஈரம் புகுந்த கனெக்டர்கள் மெல்ல மெல்ல அரித்து, எட்டு மாதம் கழித்து ஒரு ராத்திரி நெடுஞ்சாலையில் வண்டி அணையும்.

படி 6: குளிர்ந்த இன்ஜின்

காலையில் போங்கள். வருவதற்கு முன் ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லிவிட்டு, போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று எண்ணி, இன்னொரு காலை வரச் சம்மதம் கேளுங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் முதல் சில நொடி 'கர கர' சத்தம் நீடித்தால் டைமிங் செயின் தளர்ந்திருக்கலாம். சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. டர்போ வண்டியில் இதற்கென்று ஒரு சோதனை: நன்றாகச் சூடான பிறகு ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டு, பிறகு ஆக்சிலரேட்டரை ஒரு முறை அழுத்துங்கள். பின்னால் நீலமாக ஒரு கொத்துப் புகை எழுந்தால் டர்போவின் சீல் தேய்ந்திருக்கலாம். டர்போவைக் கெடுப்பது பெரும்பாலும் தாமதமான ஆயில் மாற்றமும், வேகமாக ஓட்டி வந்து உடனே சாவியைத் திருப்பும் பழக்கமும்தான். சூட்டில் நிற்கும் ஆயில் டர்போவின் பேரிங்குக்குள் கருகிப் படியும்.

வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஒரு ஓ.பி.டி. ஸ்கேனர் சில நூறு ரூபாய். ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகி, பிழைக் குறியீடு இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல் வண்டி தன்னையே சோதித்து முடித்ததா என்று காட்டும் 'ரெடினஸ்' பக்கத்தையும் திறவுங்கள். எல்லாச் சோதனைகளும் 'முடியவில்லை' என்று காட்டினால் நேற்றோ இன்றோ குறியீடுகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.

படி 7: ஓட்டிப் பார்ப்பது

கடைத்தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவது டெஸ்ட் டிரைவ் ஆகாது. முக்கால் மணி நேரம் வேண்டும், பாட்டு அணைந்திருக்க வேண்டும். முதலில் வீட்டில் அனுபவமுள்ளவர் ஓட்டட்டும், பிறகு ஓட்டப்போகும் பிள்ளை.

கிளட்ச்: நான்காவது கியரில் 40-ல் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுசாக மிதியுங்கள். ஆர்.பி.எம். முள் துள்ளி ஏறி, வேகம் அதற்கு ஈடாக ஏறவில்லை என்றால் கிளட்ச் நழுவுகிறது. டி.எஸ்.ஜி., டி.சி.டி. என்றால் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஊர்ந்து பாருங்கள், ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுங்கள், அரை மணி நெரிசலில் ஓட்டியபின் முதல்-இரண்டாம் கியர் மாற்றத்தைக் கவனியுங்கள். அதிர்வோ உதைப்போ சூடானபின்தான் வெளியே வரும்.

பிரேக்: பின்னால் யாரும் வராத நேரான சாலையில் 60-லிருந்து முழு பலத்தோடு மிதியுங்கள். மிதி காலுக்கடியில் படபடவென்று துடித்தால் அது ஏ.பி.எஸ்., நல்ல அடையாளம். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் காலிப்பர் சிக்கியிருக்கிறது. சாதாரணமாக மெல்ல மிதிக்கும்போது ஸ்டீயரிங் ஆடினால் டிஸ்க் கோணியிருக்கிறது. அடிக்கடி கடுமையாகப் பிரேக் பிடித்து ஓட்டிய வண்டிகளில் இது சகஜம்.

ஸ்பீட் பிரேக்கரில் ஒரு சக்கரத்தை மட்டும் ஏற்றி இறக்குங்கள். 'கட கட' என்றால் லிங்க் ராட் அல்லது லோயர் ஆர்ம் புஷ், செலவு அதிகமில்லை. 'டொம்' என்று அடித்தால் ஷாக் அப்சார்பர் போயிருக்கிறது.

படி 8: டயர்

பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 3121 என்றால் 2021-ன் 31-வது வாரம். ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால் பூ (ட்ரெட்) எவ்வளவு இருந்தாலும் ரப்பர் இறுகிவிட்டது, ஈரத்தில் பிடிக்காது. ஒரு டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் சரியில்லை அல்லது சேஸிஸ் அடிபட்டிருக்கிறது. கம்பெனி சொன்ன அளவையே போடுங்கள். பெரிய ரிம், பக்கவாட்டு உயரம் குறைந்த டயர் நம் ஊர்க் குழிகளில் ரிம்மை வளைக்கும், டயரைக் கிழிக்கும்.

படி 9: மாற்றம் செய்த வண்டி

வெட்டிய ஸ்பிரிங், சத்தம் போடும் சைலன்சர், சக்தியைக் கூட்ட மென்பொருளை மாற்றிய (ரீமேப் செய்த) இ.சி.யூ., அதாவது இன்ஜினின் கம்ப்யூட்டர். இவை விற்பவருக்குப் பெருமை, உங்களுக்குத் தலைவலி. டிக்யூ200 பெட்டி 250 நியூட்டன் மீட்டர் வரைதான் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது. ரீமேப் அந்த எல்லையைத் தொட்டபடி ஓட்டும். பதிவுச் சான்றிதழில் இல்லாத மாற்றம் மோட்டார் வாகனச் சட்டத்துக்கும் புறம்பானது, விபத்தில் கிளைம் மறுக்கப்படவும் அதுவே காரணமாகும். "திரும்ப ஸ்டாக் ஆக்கித் தருகிறேன்" என்பதை ஏற்காதீர்கள், உள்ளே பட்ட தேய்மானம் திரும்பாது.

படி 10: பணமும் பெயர் மாற்றமும்

எல்லாம் சரியென்றால், உங்களுக்கு நம்பிக்கையான மெக்கானிக்கிடம் லிஃப்ட்டில் ஏற்றி அடியைக் காட்டுங்கள். கண்டுபிடித்த குறைகளை விலையோடு எழுதி, அதைக் கழித்துப் பேசுங்கள். பேரத்தில் தாள் பேசினால் வாக்குவாதம் வராது.

முழுப் பணம் தருமுன்: படிவம் 29 (இரண்டு பிரதி), படிவம் 30, அசல் ஆர்.சி., கடன் இருந்திருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம், வேறு மாநில வண்டி என்றால் படிவம் 28, இரண்டு சாவி. பெயர் மாற்றத்தை விற்பவரிடம் விட்டுவிடாமல் நீங்களே ஆர்.டி.ஓ.வில் தொடருங்கள். பெயர் மாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் மாற்றுங்கள். விற்பவரின் நோ கிளைம் போனஸ் உங்களுக்கு வராது, அந்த வித்தியாசத்தைக் கட்ட வேண்டியிருக்கும். பாலிசி மாறாமல் இடித்தால் சொந்த வண்டிக்கான செலவு உங்கள் கையிலிருந்துதான்.

முதல் மாதம்

ரெக்கார்டு என்ன சொன்னாலும் இன்ஜின் ஆயில், ஃபில்டர்கள், கூலன்ட், பிரேக் ஆயில் நான்கையும் மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏறிய ஆயில் மலை இறக்கத்தில் கொதித்தால் மிதி தரைவரை போய்விடும். ஏலகிரி, ஏற்காடு போகும் முன் இதைச் செய்திருக்க வேண்டும்.

பிறகு ஒரு ஞாயிறு காலை, உரியவரிடம் அனுமதி கேட்டு ஒரு காலி மைதானத்தில், பிள்ளையை 50-லிருந்து ஏ.பி.எஸ். துடிக்கும்வரை பிரேக் பிடிக்கச் சொல்லுங்கள். புதிதாக ஓட்டுபவர்கள் அந்தத் துடிப்பு வந்ததும் பயந்து காலை எடுத்துவிடுவார்கள். எடுக்காமல் அழுத்தியபடியே ஸ்டீயரிங்கைத் திருப்பி, நடுவில் வைத்த ஒரு அட்டைப்பெட்டியைச் சுற்றி வரும்வரை பத்துத் தடவையாவது செய்யட்டும். அதற்கு மேலும் வேகம் பழக ஆசையிருந்தால் இருங்காட்டுக்கோட்டையிலும் கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேயிலும் பந்தயத் தடங்கள் இருக்கின்றன. ஓட்டப் பயிற்சி நடக்கும் நாட்களை விசாரித்து அழைத்துப் போங்கள், ஈ.சி.ஆர். அதற்கான இடமில்லை.